கிளான்மக்னாய்ஸ்: ஷானன் கரை மடமும் அதைச் சுற்றிய நிலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த இடம், எங்கே இருக்கிறது?

அயர்லாந்து வரைபடத்தின் நடுவில் விரலை வைத்தால் ஏறத்தாழ இதன் மேல்தான் விழும். ஆஃபலி கவுண்டி, ஷானன் ஆற்றின் கிழக்குக் கரை. அத்லோன் நகரிலிருந்து தெற்கே சாலைவழி சுமார் 20 கி.மீ. ஐரிஷ் மொழியில் இதன் பெயருக்கு ‘நோஸின் மக்களுடைய புல்வெளி’ என்று பொருள். 6-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 16-ஆம் நூற்றாண்டு வரை ஆயிரம் ஆண்டுகள் இயங்கிய கிறித்தவத் துறவிமடம். இன்று மிஞ்சியவை, பெரும்பாலும் கூரையிழந்த தேவாலயங்கள், இரண்டு வட்டக் கோபுரங்கள், சிலுவைகள், நூற்றுக்கணக்கான கல்லறைப் பலகைகள். 1955 முதல் அரசின் பராமரிப்பில் இருக்கிறது.

உலகை வெறுத்துத் தனிமை தேடியவர்கள் கட்டிய இடம்தானே?

இல்லை. இன்று அங்கே நின்றால் ஆறு, புல், காற்று தவிர வேறொன்றும் இல்லை என்பதால் வரும் மயக்கம் அது. தனிமை தேடியவர்கள் ஸ்கெல்லிக் மைக்கேல் போன்ற கடல்பாறைக்குப் போனார்கள். கிளான்மக்னாய்ஸ் அமைந்தது நாட்டின் மிகப் பெரிய நாற்சந்தியில். வடக்கு–தெற்காக ஷானன் ஆறு, அன்றைய நீர்வழி. கிழக்கு–மேற்காக எஸ்கர் என்னும் சரளை மேடு, அதன் மேல் ‘பெருவழி’ என்று பெயர் பெற்ற சாலை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மடம். மேற்கே கானக்ட், கிழக்கே மீத், தெற்கே மன்ஸ்டர் என மூன்று அரசுகளுக்கும் எட்டும் தூரம். இந்த மடத்தின் செல்வம், புகழ், அது வாங்கிய அடிகள் எல்லாமே இந்தச் சந்திப்பிலிருந்து வந்தவை. கட்டடங்களைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

எஸ்கர் என்பது என்ன?

கடைசிப் பனியுகத்தில் அயர்லாந்தின் மேல் கிடந்த பனிப்பாளத்துக்கு அடியில், உருகிய நீர் குகைபோலக் குடைந்துகொண்டு ஓடியது. அந்த ஓடைகள் தம் படுகையில் மணலையும் கூழாங்கல்லையும் படிய வைத்தன. பனி முழுதும் உருகிப் போனபின், அந்தப் படிவு பாம்புபோல் நெளியும் மேடாக நிலத்தின்மேல் நின்றுவிட்டது. அதுதான் எஸ்கர். ஐரிஷ் மொழியிலிருந்து உலகப் புவியியல் முழுவதும் எடுத்துக்கொண்ட சொல் இது.

மடத்துக்கு இதனால் என்ன பயன்? மழைநீர் சரளையில் தங்காமல் இறங்கிவிடும். சுற்றிலும் கால் புதையும் சதுப்பு, மேட்டின் மேல் மட்டும் ஆண்டு முழுதும் காய்ந்த தரை. வண்டி போக, பிணம் புதைக்க, வீடு கட்ட எல்லாவற்றுக்கும் அதுவே தோது. இன்றும் மடத்திலிருந்து கிழக்கே போகும் யாத்திரிகர் பாதை இந்த மேட்டைத் தொட்டுத்தான் போகிறது. ஆனால் சரளைக்கு விலை உண்டு. அயர்லாந்தில் பல எஸ்கர்களைக் கட்டுமானத்துக்காகத் தோண்டித் தின்றுவிட்டார்கள்.

யார் நிறுவியது? எப்போது?

புனித கீரான். தச்சரின் மகன். குளோனார்டு மடத்தில் ஃபினியன் என்ற துறவியிடம் பயின்று, அரான் தீவுகளில் எண்டா என்ற துறவியிடம் தங்கி, பிறகு ரீ ஏரியில் ஒரு தீவில் இருந்துவிட்டு, ஆற்றோடு இறங்கி 540-களில் இங்கே வந்தார். முதல் மரக்கோயிலுக்கு முளை நட்டபோது உடன் கைகொடுத்தவர் டியர்மட் மாக் கெர்வல் என்றும், அவர் பின்னால் உயர்மன்னர் பட்டத்துக்குரிய இடமான தாராவின் அரசரானார் என்றும் மரபு சொல்கிறது. கீரான் 549 வாக்கில், 33 வயதில், அப்போது நாட்டை வாட்டிய கொள்ளைநோயில் இறந்தார். வந்து சில ஆண்டுகளுக்குள் மரணம்! நிறுவனர் நீண்டகாலம் வாழ்ந்து கட்டி எழுப்பியதல்ல இந்த மடம். அவருடைய கல்லறையைச் சுற்றி வளர்ந்தது. பெரும்பாலான ஐரிஷ் மடங்கள் நிறுவனரின் குலத்தாருக்குச் சொத்துபோல் போய்ச் சேர்ந்தன. இங்கே மடாதிபதிகள் பல குலங்களிலிருந்தும் வந்தார்கள். கீரானுக்குப் பெரிய அரச குலம் பின்னால் இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

மடம் என்றால் துறவிகள் மட்டுமா இருந்தார்கள்?

துறவிகள் சிறுபான்மைதான். மடத்து நிலத்தில் உழுது பயிரிட்டு, விளைச்சலில் பங்கு கொடுத்த குடும்பத்தார் ‘மனாஹ்’ எனப்பட்டனர். சொல்லுக்குப் பொருள் துறவி என்றாலும், மனைவி மக்களோடு வாழ்ந்த குடியானவர்கள் அவர்கள். இவர்களோடு கொல்லர், சீப்பு செய்வோர், வெண்கல வேலைக்காரர், மாணவர், அடைக்கலம் தேடி வந்தோர். நடுவில் தேவாலயங்களும் இடுகாடும், அதைச் சுற்றி வெளிவட்டத்தில் வீடுகளும் பட்டறைகளும். கிழக்கில் புதிய இடுகாட்டுப் பகுதியில் 1990-களில் நடந்த அகழாய்வில் வட்ட வீடுகளின் தடங்களும் உலோக வேலையின் எச்சங்களும் கிடைத்தன. 1179-இல் ஒரு தீயில் 105 வீடுகள் எரிந்ததாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. எரிந்ததே 105 என்றால், அதை ஊர் என்று சொல்வதே சரி. அவை யாவும் மரமும் மிலாறுப் பின்னலும் என்பதால் தரைக்கு மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லில் கட்டியதால் தேவாலயங்கள் மட்டும் நிற்கின்றன, பார்ப்பவரும் ‘துறவிகள் மட்டும் வாழ்ந்த இடம்’ என்று நினைத்துக்கொள்கிறார்.

ஆற்றுக்கு அடியில் பாலம் இருக்கிறது என்கிறார்களே?

ஆம். பின்னாளில் இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் கட்டிய கோட்டையை ஒட்டிய ஆற்றுப் படுகையில் ஓக் மரத் தூண்கள் இணை இணையாக நட்டபடி இருக்கின்றன. 1990-களில் முக்குளிப்பு அகழாய்வாளர்கள் அளந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் கணித்ததில், அவை வெட்டப்பட்ட ஆண்டு 804. பாலத்தின் நீளம் சுமார் 160 மீட்டர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஆண்டு வளையக் கணக்கு ஏன் இவ்வளவு துல்லியம்? ஈரமான ஆண்டில் வளையம் தடிக்கும், வறண்ட ஆண்டில் மெலியும். இந்தத் தடிப்பு–மெலிவு வரிசையை ஏற்கெனவே தொகுத்த ஐரிஷ் ஓக் வரிசையோடு பொருத்துவார்கள். பட்டைக்கு அடுத்த வெளி வளையம் அப்படியே இருந்தால் வெட்டிய ஆண்டே கிடைக்கும். தச்சர் வெளிமரத்தைச் செதுக்கி எறிந்திருந்தால், ‘இந்த ஆண்டுக்குப் பிறகு’ என்று மட்டுமே சொல்ல முடியும். ஆற்றடிச் சேற்றில் காற்று புகாததால்தான் மரம் 1,200 ஆண்டுகள் அழுகாமல் இருந்தது.

தூண்களின் அருகே ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளும் இரும்புக் கோடரிகளும் கிடைத்தன. ஆற்றைப் படகில் கடப்பதோடு நிற்காமல், வண்டியும் மாடும் போகப் பாலம் போட்டிருக்கிறார்கள். இதையும் மீறித் தனிமை என்று பேசுவது கடினம்.

வைக்கிங்குகள்தான் அழித்தார்களா?

சுற்றுலாப் பேச்சில் எல்லாப் பழியும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த இந்தக் கடற்கொள்ளையர் தலையில்தான் விழும். உண்மையில் ஐரிஷ் அரசர்களே அதிகம் தாக்கினார்கள். 833-இல் மன்ஸ்டர் மன்னன் ஃபெலிமி மடத்து ஆட்களைக் கொன்று, அடைக்கல நிலத்தைத் தேவாலய வாசல்வரை எரித்தான். அவனே ஒரு மடாதிபதி என்பது இன்னும் வேடிக்கை. மடங்களும் தமக்குள் மோதின. 764-இல் டரோ மடத்தோடு நடந்த சண்டையில் டரோ பக்கம் 200 பேர் விழுந்ததாகக் குறிப்பு இருக்கிறது.

வைக்கிங்குகள் வராமல் இல்லை. ஷானனில் மேலேறி வந்து 840-களில் எரித்தார்கள். அவர்களின் தலைவன் துர்கெசியஸின் மனைவி ஓட்டா பலிபீடத்தின் மேல் அமர்ந்து குறி சொன்னாள் என்பது பின்னாளில் எழுதப்பட்ட கதை, அப்படியே நம்ப வேண்டியதில்லை. காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான். கால்நடை, தானியம், வெள்ளி எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்திருந்தன. மடம் ஓர் அரசனின் பக்கம் சாய்ந்தால் அவன் எதிரிக்கு அது குறி.

கட்டடங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் கதீட்ரல். 909-இல் அரசர் ஃபிளான் சின்னாவும் மடாதிபதி கோல்மானும் கட்டியது. ரோமனெஸ்க் என்னும் அரைவட்ட வளைவுக் கட்டடப் பாணிக்கு முந்தைய ஐரிஷ் தேவாலயங்களில் இதுவே பெரியது. வெளிமூலையில் நின்று பாருங்கள்: பக்கச் சுவர் இரண்டும் முகப்புச் சுவரைத் தாண்டிச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். மரக்கோயிலில் கூரையின் கடைக்கோடிக் கட்டையைத் தாங்கிய மூலைத்தூணைக் கல்லில் பழக்கதோஷத்தால் தொடர்ந்திருக்கிறார்கள். அடுத்து உள்ளே நின்று மேற்கு வாசலைப் பாருங்கள், சுவரின் நடுவில் இராது. கொத்தனாரின் பிழை இல்லை. தெற்குச் சுவரைப் பின்னாளில் உள்தள்ளிக் கட்டினார்கள், வாசல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வடக்கு வாசல் 15-ஆம் நூற்றாண்டின் கோதிக் (கூர்வளைவுப் பாணி) வேலை. மேலே தோமினிக், பேட்ரிக், பிரான்சிஸ் என மூவர் உருவங்கள். அதன் ஒரு பக்கக் குழிவில் வாயை வைத்து முணுமுணுத்தால் மறுபக்கத்தில் கேட்கும். வளைவின் பள்ளம் குழாய்போல் ஒலியைக் கடத்துவதால் நேர்வது அது.

அடுத்து கீரானின் சிற்றாலயம். உள்ளளவு ஏறத்தாழ 3.8 × 2.8 மீட்டர்தான், ஓர் அறை. கீரான் இங்கே புதைக்கப்பட்டதாக நம்பிக்கை. சுவர்கள் சாய்ந்திருக்கின்றன. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தரை மண்ணைப் பிடி பிடியாக எடுத்துப் போய், பயிரும் மாடும் செழிக்க வயல் மூலைகளில் தூவினார்கள். அடியில் மண் குறைந்தால் சுவர் என்ன செய்யும்? தரையைப் பலகைக்கல்லால் மூட வேண்டியதாயிற்று. நீங்களும் எடுக்காதீர்கள்.

மற்றவற்றில் டெம்பிள் ஃபின்கின் மட்டும் தவறவிடக் கூடாது. 12-ஆம் நூற்றாண்டு. தேவாலயமும் சிறிய வட்டக் கோபுரமும் ஒட்டியே கட்டப்பட்டவை. கோபுரத்தின் கூம்புக் கூரையில் கற்கள் மீன்முள்போல் சாய்வரிசையில் அடுக்கியிருக்கும்.

வட்டக் கோபுரம் ஒளிந்துகொள்ளக் கட்டியதா?

ஐரிஷ் மொழியில் அதன் பெயரே ‘மணிவீடு’. வாசல் தரைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் ஒளிவிடம் என்ற எண்ணம் பரவியது. இத்தகைய கோபுரங்களின் அடித்தளம் பொதுவாக ஆழம் குறைவு. அடிப்பகுதியில் வாசல் திறந்தால் அந்தப் பளு தாங்கும் இடமே பலவீனமாகும், அதனால் மேலே வைத்தார்கள் என்பது கட்டுமானக் காரணம். பொருளைப் பூட்டிவைக்கவும் உதவியிருக்கும். ஆனால் மரத் தளங்கள் அடுக்கிய உயரமான குழாய்க்குள் தீ வைத்தால் அது புகைபோக்கியாகிவிடும். மோனஸ்டர்பாய்ஸ் கோபுரம் 1097-இல் உள்ளிருந்த நூல்களோடு எரிந்தது. பாதுகாப்புக்கு அது மோசமான இடம்.

இங்குள்ள பெரிய கோபுரம், ஓ'ரூர்க் கோபுரம், 1124-இல் முடிந்தது. 1135-இல் இடி விழுந்து தலை போயிற்று. இப்போது நிற்பது சுமார் 19 மீட்டர். உச்சியில் காணும் மணிச் சாளரங்கள் பிற்காலப் பழுதுபார்ப்பு.

வெளியே நிற்கும் சிலுவைகள் அசலா?

நகல்கள். அசல் மூன்றும் பார்வையாளர் மையத்துக்குள் இருக்கின்றன. சுற்றுவட்டப் பாறை சுண்ணாம்புக்கல், சிலுவைகளோ மணற்கல். மணற்கல்லில் நுணுக்கமாகச் செதுக்கலாம். ஆனால் ஈரம் துளைகளில் புகுந்து உறைந்து விரிந்து, மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். ஆயிரம் ஆண்டு மழை போதும் என்று 1990-களின் தொடக்கத்தில் உள்ளே கொண்டுபோனார்கள். சரியான முடிவு.

‘மறைநூற் சிலுவை’ சுமார் 4 மீட்டர் உயரம், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நடுவில் சிலுவையேற்றம், மறுமுகத்தில் இறுதித் தீர்ப்பு. அடியில் இருவர் ஒரு கம்பை நடும் காட்சி உண்டு. கீரானும் டியர்மட்டும் முளை நடுவது என்று பலர் கொள்கிறார்கள். தண்டின் கீழ்ப்பகுதியில் ஃபிளானுக்கும் கோல்மானுக்கும் வேண்டுதல் கேட்கும் வாசகம், மிகவும் தேய்ந்தது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து நிழல் காட்டும்.

கல்லறைப் பலகைகளை எப்படிப் படிப்பது?

முழுதும் துண்டுமாக 700-க்கு மேல் இங்கே உள்ளன. பெரும்பாலானவை 8 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை. வாசக அமைப்பு ஒன்றே: ‘ஓர் தோ’ என்ற சுருக்கம், பிறகு பெயர். ‘இன்னாருக்காக ஒரு வேண்டுதல்’ என்று பொருள். ‘ஓர்’ மேல் ஒரு கோடு போட்டிருந்தால் அது சொல் சுருக்கக் குறி. ஆண்டு எழுத மாட்டார்கள். பெயர் ஆண்டுக்குறிப்பில் வரும் ஒருவருடையது என்று உறுதியானால் மட்டுமே காலம் தெரியும். அப்படி ஒன்று சுய்வ்னேயின் பலகை. 891-இல் இறந்த இந்த அறிஞரின் மரணம் இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில்கூடப் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று ‘தூஹல் என்னும் கைவினைஞருக்கு’ என்கிறது. அரசரும் அறிஞரும் மட்டுமல்ல, கல்லும் மரமும் வேலை செய்தவரும் பெயரோடு கிடக்கிறார்.

பலகைமேல் காகிதம் வைத்துக் கரியால் தேய்த்துப் படியெடுப்பதும் சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவதும் கூடாது. இரண்டுமே மேற்பரப்பை அரிக்கும்.

இங்கே எழுதப்பட்ட நூல்கள் எவை?

புகழ்பெற்றது ‘பழுப்புப் பசுவின் நூல்’. கீரானின் பசுவின் தோலில் எழுதியதாகக் கதை. நூலோ அவருக்கு 500 ஆண்டுகள் பிந்தியது. எழுதியவர்களில் ஒருவரான மோல் முரே 1106-இல் கிளான்மக்னாய்ஸ் கற்கோயிலுக்குள் கொள்ளையரால் கொல்லப்பட்டார். ஐரிஷ் வீரக்கதைகளின் மிகப் பழைய வடிவங்கள் இதில் உள்ளன. 1359-இல் இது பிணைமீட்புத் தொகையாகக் கைமாறி, 1470-இல் ஓ'டானல் குலத்தாரால் திரும்பப் பிடுங்கப்பட்டது. இப்போது டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதெமியில் 67 ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன.

ஏட்டுக்கும் நிலத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு. கன்றுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, காயக் காய வளைகத்தியால் மெலிதாக்குவார்கள். கொழுப்பு மிஞ்சினால் மை ஒட்டாது, கத்தி சற்று அழுந்தினால் ஓட்டை விழும். அந்த ஓட்டையைச் சுற்றி வரியை வளைத்து எழுதிய ஏடுகளைப் பழைய சுவடிகளில் பார்க்கலாம். ஒரு பெரிய நூலுக்கு டஜன் கணக்கில் கன்றுகள் வேண்டும். கன்றுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு ஆற்றுவெளி வேண்டும்.

அந்த ஆற்றுவெளி எது?

கேலோஸ் என்பார்கள். இந்தப் பகுதியில் ஷானனின் சரிவு மிகக் குறைவு. குளிர்கால மழைக்கு ஆறு கரையை மீறிப் பரந்து, பல வாரங்கள் ஏரிபோல் நிற்கும். வடியும்போது வண்டலை விட்டுப் போகும், கோடையில் உரமில்லாமலே புல் செழிக்கும். சீக்கிரம் அறுத்தால் தரையில் கூடுகட்டும் பறவைகள் அழியும், தாமதித்தால் கோடைவெள்ளம் வைக்கோலைக் கொண்டுபோகும். விவசாயிக்கு இந்த இழுபறி ஓய்ந்ததே இல்லை.

மறுபக்கம் உயர்சதுப்பு. பழைய ஏரி தூர்ந்து, பாசி மேல் பாசி அழுகாமல் அடுக்கி எழுந்த கரிச்சேற்று நிலம். அருகிலுள்ள மோங்கன் சதுப்பு காப்பிடமாகத் தப்பியது. சுற்றிய பெரும் பரப்புகளில், காய்ந்தால் எரியும் அந்தக் கரிச்சேற்றை இயந்திரம் வைத்துச் சீவி மின்நிலையத்தில் எரித்தார்கள். பக்கத்து ஷானன்பிரிட்ஜ் மின்நிலையம் 2020 டிசம்பரில்தான் நின்றது.

கன்னியர் தேவாலயம் ஏன் தள்ளி இருக்கிறது?

பெண் துறவிகளுக்கு மைய இடுகாட்டு வளாகத்துக்கு வெளியே இடம். கிழக்கே சுமார் அரை கி.மீ. நடக்க வேண்டும். பலர் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். இங்குள்ள மிக அழகான கல்வேலை அங்கேதான் இருக்கிறது: கோணல்மாணல் அலைவரி, விலங்குத் தலைகள் கொண்ட ரோமனெஸ்க் வளைவுகள். 1167-இல் முடித்துக் கொடுத்தவர் டெர்வோர்கில்லா. 1152-இல் லென்ஸ்டர் மன்னன் டியர்மட் மாக் முர்ரோ கவர்ந்து சென்ற அதே பெண்மணி. அவன் பின்னர் நாடு கடத்தப்பட்டு நார்மன்களை 1169-இல் அழைத்து வந்ததால், எல்லாவற்றுக்கும் காரணம் இவளே என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. இடையில் 17 ஆண்டுகள் இருப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஏன் நலிந்தது?

நாற்சந்தி இடம் மாறியதால். 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் போன்ற ஐரோப்பியத் துறவி சபைகள் வந்தன, அரசரின் கொடை அங்கே திரும்பியது. நார்மன்கள் 1210-இல் அத்லோனில் கல்கோட்டை எழுப்பினார்கள், போக்குவரத்து அந்தப் பாலத்துக்குப் போனது. கிளான்மக்னாய்ஸிலும் 1214 வாக்கில் ஒரு கோட்டை கட்டினார்கள். சாய்ந்த பல்போல் நிற்பது அதன் மிச்சம். அயர்லாந்தின் கடைசி உயர்மன்னர் ரோரி ஓ'கானர் 1198-இல் இங்கே தந்தையின் அருகே புதைக்கப்பட்டபோதே ஏறுமுகம் முடிந்துவிட்டது. 1552-இல் அத்லோனின் ஆங்கிலப் படை மணி, நூல், சாளரக் கண்ணாடிவரை மிச்சம் வைக்காமல் எடுத்துப் போனது.

நேரில் போவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கார் இருந்தால் நல்லது, வழக்கமான பேருந்தை நம்பிப் போக வேண்டாம். கோடையில் அத்லோனிலிருந்து படகும் வரும். மடத்தைப் பழையபடி ஆற்றிலிருந்து நெருங்க அதுவே வழி. புல் எப்போதும் ஈரம், தோல்செருப்பு வழுக்கும். மையத்துக்குள் சிலுவைகளை முதலில் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், இல்லையேல் நகலை அசலென்று படம் எடுப்பீர்கள். அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவி வைத்துத் தேடுவது 1987 முதல் சட்டப்படி குற்றம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கதீட்ரல், கீரான் சிற்றாலயம், டெம்பிள் ஃபின்கின் மூன்றும் போதும். இரண்டு மணி நேரம் இருந்தால் கன்னியர் தேவாலயத்துக்கு நடந்து, திரும்பும்போது மேட்டின் மேல் நின்று மேற்கே பாருங்கள். குளிர்காலமாக இருந்தால் ஆறு எது, வயல் எது என்று தெரியாது. கால் நனையாத ஒரே தரை நீங்கள் நிற்கும் அந்த மேடுதான்.